மிச்சம் வைக்காமல் குதி, பாப்பா

எஸ்தர்,

உன் விளையாட்டுப் பையில் முட்டிப் பட்டையைத் தேடிக் கையை விடும்போது இந்தக் காகிதங்கள்தான் முதலில் தட்டுப்படும். அம்மாவின் கையெழுத்து என்று தெரிந்ததும் மடித்து உள்ளே தள்ளிவிடாதே. நேற்று சாயங்காலத்திலிருந்து நீ என்னோடு பேசவில்லை. நான் வாயைத் திறந்தாலே "ஆரம்பிச்சிட்டியாம்மா" என்று சொல்லி ஹெட்செட்டை மாட்டிக்கொள்கிறாய். சரி, நான் பேசவில்லை, எழுதுகிறேன். பள்ளிக்கூட ஆபீசில் உட்கார்ந்து ஊரில் இருக்கிற பெற்றோர்களுக்கெல்லாம் சுற்றறிக்கை எழுதிய கை இது, பெற்ற பிள்ளைக்கு நாலு பக்கம் எழுத வராமலா போய்விடும்? இப்போது சனிக்கிழமை மத்தியானம். நீ புது ஜெர்சி வாங்கப் போயிருக்கிறாய். உன் அப்பா உள் அறையில் தூங்குவது போல் பாவனை செய்துகொண்டு கிடக்கிறார். நாளைக் காலையில் அழகர்கோவில் ரோட்டில் இருக்கும் அதே மைதானத்தில், போன வருஷம் நீ விழுந்து கிடந்த அதே மண்ணில், மறுபடியும் குதிக்கப் போகிறாய். அதை நினைத்துக்கொண்டேதான் எழுதுகிறேன். எழுத்து கோணல்மாணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். வாலிபால் ஆடாதே என்று கேட்பதற்காக இதை எழுதவில்லை. அந்தக் கெஞ்சலெல்லாம் முடிந்துவிட்டது. போன மாதம் டாக்டர் "இனிமே ஆடலாம்" என்று சொன்ன அன்றைக்கு நீ சிரித்தாய். நான் வெளியே வந்து ஆஸ்பத்திரிப் படியில் உட்கார்ந்து அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்துக்கொண்டாய். வீட்டுக்கு வந்ததும் உன் ஷூவை அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்தேன். நீ வீட்டைத் தலைகீழாகப் புரட்டிவிட்டு அப்பாவிடம் கத்த, அவர் நேராகப் போய் டிரம்மைத் திறந்து எடுத்துக் கொடுத்தார். என் நகையை நான் ஒளித்துவைப்பதும் அங்கேதான், அந்த மனுஷனுக்குத் தெரியாதா? பாஸ்டர் ஐயாவிடம் போய் உனக்குப் புத்தி சொல்லச் சொன்னேன். அவர் உன் தலையில் கை வைத்து ஜெபம் பண்ணி, நல்லா ஆடும்மா என்று அனுப்பிவிட்டார். கடைசியில் பக்கத்து வீட்டு ஆயிஷா அக்கா கூப்பிட்டார்கள் என்று கோரிப்பாளையம் தர்காவுக்கும் போய் நின்றேன். "என்ன துஆ கேக்கப் போறே?" என்றார்கள். "அவ மனசு மாறணும்னு கேக்கப் போறேன்க்கா" என்றேன். "அது ஒன் ஆசைடி. பிள்ளைக்கு என்ன வேணும்னு கேளு." உன் முட்டிக்காக மட்டும் கேட்டுவிட்டு வந்தேன். நம் சபையில் யாருக்காவது தெரிந்தால் தெரியட்டும், எனக்குக் கவலையில்லை.

நாளைய ஆட்டத்தைப் பார்க்க வேலைக்கு ஆள் எடுக்கிறவர்கள் வருகிறார்கள் என்று தெரியும். விளையாட்டு ஒதுக்கீட்டில் அந்த வேலை கிடைத்தால் உன் காலில் நீ நின்றுகொள்வாய். அது வேண்டாம் என்று சொல்லுமளவுக்கு நாம் வசதியான குடும்பமும் இல்லை. ஆனால் டாக்டர் உன்னை வெளியே அனுப்பிவிட்டு எங்கள் இருவரிடமும் சொன்னதை நீ கேட்கவில்லை. "இன்னொரு தடவை முட்டி ஜவ்வு கிழிஞ்சா, ஆட்டத்தை விடுங்க, மாடிப்படி ஏறுறதே கஷ்டமாயிரும். வார்ம் அப் இல்லாம ஒரு குதி கூட குதிக்கக் கூடாது, பாத்துக்கங்க." பாத்துக்கங்க என்று எங்களிடம் சொல்லிவிட்டார். உனக்கு இருபத்திரண்டு வயது. கூடவே ஓடி வந்து எப்படிப் பார்த்துக்கொள்வது? உன் அப்பா அன்றிலிருந்து மாத்திரையை வேளைக்குப் போடுகிறாரே, கவனித்தாயா? அதுவரை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

போன வருஷம் நடந்ததை நீ யாரிடமும் பேசுவதில்லை. நான் பேசத்தான் வேண்டும், நாளைக்கு அதே இடம் என்பதால். அன்று காலையில் நீங்கள் எல்லோரும் எவ்வளவு அழகாகத் தயாரானீர்கள் தெரியுமா? மைதானத்தைச் சுற்றி மெதுவாக ஓடினீர்கள். முட்டியை நெஞ்சு வரைக்கும் தூக்கி ஓடினீர்கள். கையைச் சுழற்றி, காலை அகட்டி இறங்கி, பிறகு வலைக்குப் பக்கத்தில் சின்னச் சின்னதாகக் குதித்து, கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தைக் கூட்டினீர்கள். உன் முகம் சிவந்து, நெற்றி முடி வியர்வையில் ஒட்டிக்கொண்டிருந்தது. உன் கை வலைக்கு மேலே முழங்கை வரை தெரிந்தது. பக்கத்தில் இருந்த யாரோ ஓர் அம்மா, "அது யாரு பிள்ள, ரப்பர் கணக்கா குதிக்கிது" என்று கேட்டபோது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அப்போதுதான் மைக்கில் சொன்னார்கள், சிறப்பு விருந்தினர் வந்துகொண்டிருக்கிறார், வீராங்கனைகள் அனைவரும் வரிசையில் வந்து நிற்கவும் என்று.

நின்றீர்கள். விருந்தினர் வரவில்லை. கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டிவிட்டார் என்று மைக்கில் சொன்னார்கள். சற்று நேரம் கழித்து மறுபடியும் அதே சிக்னலைத் தாண்டினார். மூன்றாவது தடவை தாண்டியபோது கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது, நானும் சிரித்தேன். உங்களுக்கு நாற்காலி போட்டார்கள், உட்கார்ந்தீர்கள். தை மாதக் காற்றில் உன் வியர்வை காய்ந்து, சட்டைக்கு மேலே துண்டைப் போர்த்திக்கொண்டாய். ஒருவழியாக அவர் வந்தார். பொன்னாடை, பூங்கொத்து, பேச்சு, அதற்கு வாழ்த்து, அந்த வாழ்த்துக்கு நன்றி. வரிசையாகக் கை குலுக்கினார். போட்டோவுக்காகப் பந்தை வலைக்கு மேலே தட்டிவிட்டார், எல்லோரும் கை தட்டினோம். உடனே விசில் அடித்து ஆட்டத்தைத் தொடங்கிவிட்டார்கள். மறுபடியும் உடம்பைச் சூடாக்க நேரம் கொடுக்க வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. உன் கோச் சாருக்குத் தோன்றியிருக்கும், கேட்கக் கூச்சப்பட்டிருப்பார். விருந்தினருக்கு மரியாதை செய்வதில் நம் ஊரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. உன் சிநேகிதி முத்துச்செல்வி தூக்கிக் கொடுத்த முதல் பந்துக்கு நீ எழும்பினாய். காலையில் பார்த்த உயரம் அதில் இல்லை, எனக்கே தெரிந்தது. இறங்கும்போது வலது முட்டி உள்பக்கமாக மடங்கியது. அந்தச் சத்தம் கேலரி வரைக்கும் கேட்டது, பாப்பா. இன்றைக்கும் சமையலறையில் முருங்கைக்காயை ஒடித்தால் எனக்கு உடம்பு தூக்கிப்போடுகிறது. அதனால்தான் நம் வீட்டில் இப்போது முருங்கைக்காய் வாங்குவதில்லை. உனக்குப் பிடிக்கும் என்று தெரிந்தும் வாங்குவதில்லை.

ஆபரேஷன், கட்டு, கக்கத்தில் கட்டை, அதற்குப் பிறகு பிசியோ. அந்தப் பிசியோப் பெண்ணை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். உன்னைவிட ரெண்டு மூன்று வயதுதான் மூத்தவள். கடைசிக் கட்டத்தில் ஒருநாள் உன் விரல் நுனியில் சாக்பீஸ் பொடியைத் தடவி, சுவர் ஓரமாக நிற்கவைத்து, "சும்மா லேசா ஒண்ணு குதி" என்றாள். குதித்தாய், சுவரில் வெள்ளையாகத் தடம் விழுந்தது. பிறகு உன்னை அறைக்குள்ளேயே நடக்கவிட்டு, ஓடவிட்டு, முட்டியைத் தூக்கவைத்து, குதிகாலால் பின்பக்கம் தட்டவைத்து, ஒவ்வொரு காலாக முன்னால் வைத்து இறங்கி ஏறவைத்து, கடைசியில் சின்னக் குதிகள். வியர்த்தபிறகு மறுபடியும் சுவர். இந்தத் தடவை விழுந்த தடம் பழைய தடத்துக்கு நாலு விரல் மேலே இருந்தது. நீ வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாய். "நான் ஒனக்குப் புதுசா ஒண்ணும் குடுக்கல. உள்ள இருந்தத எழுப்பிவிட்டேன், அம்புட்டுத்தான்" என்றாள் அவள். உட்கார்ந்து காலை நீட்டி ரொம்ப நேரம் இழுத்துப் பிடிப்பதை ஆட்டம் முடிந்த பிறகு வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஆட்டத்துக்கு முன்னால் அப்படி இழுத்தால் தசை தொய்ந்துபோய்க் குதிக்கிற வலு குறையும் என்றாள். பொம்பளைப் பிள்ளைகளுக்கு இறங்கும்போது முட்டி உள்ளே சாய்வது அதிகம், அதனால் இறங்குவதையும் குதிப்பதைப் போலவே பழகவேண்டும் என்று கண்ணாடி முன்னால் நிற்கவைத்துத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தாள். நீ எல்லாவற்றுக்கும் தலையாட்டினாய். உன் தலையாட்டலை நம்பி நான் வீட்டுக்கு வந்தேன்.

வியாழக்கிழமை நீ குளித்துக்கொண்டிருந்தபோது முத்துச்செல்வி வந்தாள். எப்போதும் "அம்மா, என்ன குழம்பு?" என்று கேட்டுக்கொண்டே நேராக அடுப்படிக்கு வருகிறவள், அன்று வாசலிலேயே நின்றாள். "அம்மா, நான் சொன்னேன்னு அவகிட்ட சொல்லிறாதீங்க" என்று ஆரம்பித்தாள். "அவ வார்ம் அப்புல குதிக்கிறதே இல்லம்மா. நாங்க கிரவுண்ட சுத்தி ஓடும்போது ஓரமா உக்காந்து காலை நீட்டி இழுத்துக்கிட்டே இருக்கா. ஏன்டின்னு கேட்டா, 'இந்த முட்டியில இன்னும் எம்புட்டு ஜம்ப் மிச்சம் இருக்குன்னு யாருக்குத் தெரியும், அத மேட்சுக்கு வச்சிருக்கேன்'ங்குறா."

"சார் ஒண்ணும் சொல்லலையா?"

"சாருக்குப் பயம்மா. ஒன் முட்டி ஒனக்குத்தான் தெரியும்னு விட்டுட்டாரு. நான் பந்த தூக்கிக் குடுக்குறவ. எனக்குக் கை வரமாட்டேங்குதும்மா. நான் குடுத்த பந்துலதான அன்னைக்கு விழுந்தா?" சொல்லிவிட்டு அழுதாள் அந்தப் பிள்ளை. அழகர்மலைப் பக்கத்திலிருந்து ரெண்டு பஸ் மாறி வருகிறவள், தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டாள். அவளைக் காட்டிக்கொடுத்துவிட்டேன், தெரியும். அவளிடம் கோபித்துக்கொள்ளாதே. அவளும் ஒரு வருஷமாக நொண்டிக்கொண்டுதான் இருக்கிறாள், உனக்குத்தான் தெரியவில்லை.

எனக்கு நம்ப முடியவில்லை. நேற்று ஆபீசில் பெர்மிஷன் போட்டுவிட்டு உங்கள் பிராக்டிஸ் மைதானத்துக்கு வந்தேன். கேட்டுக்கு வெளியே நிற்கும் பருத்திப்பால் வண்டிக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். சும்மா நின்றால் அந்த அண்ணன் ஒரு மாதிரி பார்க்கிறார் என்று ஒரு டம்ளர் வாங்கிக் குடிக்க வேண்டியதாயிற்று. முத்து சொன்னது அப்படியே நடந்தது. பிள்ளைகள் ஓடுகிறார்கள், தாவுகிறார்கள், சிரிக்கிறார்கள். நீ மட்டும் சிமெண்டுத் திண்டில் உட்கார்ந்து, காலை நீட்டி, கட்டை விரலைப் பிடித்து இழுத்துக்கொண்டு, எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தாய். பிறகு எழுந்து வந்து நேராகப் பந்துக்கு எழும்பினாய். எதுவுமே இல்லாமல், படுக்கையிலிருந்து எழுந்து வந்தவள் போல. ஒரே குதி. இறங்கும்போது முட்டி லேசாக உள்ளே போய் வெளியே வந்தது. உனக்குத் தெரிந்ததா? எனக்குத் தெரிந்தது. கையிலிருந்த டம்ளர் கீழே விழுந்துவிட்டது. "என்னக்கா, என்னாச்சு?" என்று அந்த அண்ணன் பதறினார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு நடந்தேன். நம் கோச்சடை வரைக்கும் பஸ்ஸில் எப்படி வந்தேன் என்று எனக்கே நினைவில்லை.

வீட்டுக்கு வந்ததும் உன்னிடம் கத்தினேன். கத்தியிருக்கக் கூடாது, கத்தினேன். "ஏன்டி வார்ம் அப் பண்ணல?"

"யாரு சொன்னா? முத்துவா?"

"என் கண்ணு சொல்லுச்சு."

"அம்மா, இந்த முட்டியில இம்புட்டுத்தான் இருக்குன்னு எனக்குத் தெரியும். அத ஞாயித்துக்கிழமைக்கு வச்சிருக்கேன். அன்னைக்கு அவங்க பாக்குறப்ப இருந்தா போதும். அதுக்கு முன்னாடி எதுக்கு வீணடிக்கணும்?"

"வீணா? டாக்டர் சொன்னது, அந்தப் பொண்ணு சொன்னது எல்லாம் வீணா?"

அப்போது நீ நின்று திரும்பிப் பார்த்துச் சொன்னாய்: "நீதானம்மா சொல்லுவ, நல்லத நல்ல நாளுக்கு வச்சுக்கன்னு." கதவு சாத்திக்கொண்டது. நான் அடுப்படிக்குப் போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டு நின்றேன்.

உண்மைதான், நான்தான் சொல்லுவேன். நம் வீட்டில் எதையும் வந்த அன்றைக்கே பயன்படுத்தி யாராவது பார்த்திருக்கிறார்களா? டிவி ரிமோட்டுக்குப் பாலிதீன் உறை. சோபாவுக்குக் கடையில் போட்டுக்கொடுத்த கவரை, அது மஞ்சளாகி உட்காரும்போதெல்லாம் கிழவன் இருமுவது மாதிரி சத்தம் போட்டபோதும் கழற்றவிடவில்லை. கண்ணாடித் தட்டு விருந்தாளிக்கு. புதுப் போர்வை, யாராவது வந்து தங்கினால். மொட்டை மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றும் மோட்டார் ஏர் பிடித்துக்கொண்டால் உன் அப்பா அதன் வாயில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றுவார். தண்ணீர் இல்லாத வீட்டில் இருக்கிற குடத்தையும் கொட்டுகிறாரே என்று அதற்கும் சண்டை போடுவேன். ஊற்றினால்தான் இழுக்கும் என்று அந்த மனுஷன் எத்தனை தடவை சொல்லியிருப்பார்! உன் முட்டிக்கும் அவர் சொன்னதுதான். முதலில் நீ கொஞ்சம் ஊற்றவேண்டும்.

அந்த முதல் ஷூ ஞாபகம் இருக்கிறதா உனக்கு? ஒன்பதாம் வகுப்பில் பள்ளி டீமில் உன்னை எடுத்தபோது அப்பா டவுன் ஹால் ரோட்டுக்குக் கூட்டிப்போய் வாங்கித் தந்த வெள்ளை ஷூ, ஓரத்தில் நீலக்கோடு போட்டது. நீ அதைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு தூங்கினாய். நான் என்ன சொன்னேன்? பிராக்டிசுக்குப் பழைய கேன்வாஸ் போதும், இதை மேட்சுக்கு மட்டும் போடு என்றேன். நீயும் சொன்ன பேச்சைக் கேட்கிற பிள்ளை. அடி தேய்ந்துபோன கேன்வாஸில் வழுக்கி வழுக்கிப் பழகினாய். அட்டைப் பெட்டிக்குள் டிஷ்யூ பேப்பரில் சுற்றி, மேட்ச் நாளில் எடுத்து, முடிந்ததும் துடைத்து உள்ளே வைத்தாய். அடுத்த வருஷம் மண்டலப் போட்டிக்கு எடுத்துப் போட்டால் கால் நுழையவில்லை. பிள்ளை வளர்ந்துவிட்டாள். விரலை மடக்கிக்கொண்டு ஆடினாய், நகம் கறுத்துப்போனது. அடி கொஞ்சமும் தேயாத அந்த ஷூவை முத்துச்செல்விக்குக் கொடுத்தோம். அவளுக்கு உன்னைவிடச் சின்னப் பாதம். அவள் அதைப் போட்டுக்கொண்டே பஸ் ஏறினாள், அதோடு பழகினாள், அதோடு ஆடினாள், அடி பிய்ந்து விழும்வரை போட்டாள். அந்த வருஷம் அவள் ஆட்டம் எப்படி ஏறியது என்று நீயே என்னிடம் வந்து சொன்னாய். "ஷூ ராசி" என்று சொல்லிச் சிரித்தேன். ராசியாவது ஒன்றாவது. அவள் போட்டாள், நாம் வைத்திருந்தோம்.

சேமிக்கிறோம் என்று நாம் சொல்லிக்கொள்வதில் பாதி பயம்தான், பாப்பா. நான் பயந்து பயந்து வாழ்ந்தவள். இருப்பது போய்விடும், மறுபடி வராது என்ற பயம். அதை உனக்குப் பாலோடு சேர்த்து ஊட்டியிருக்கிறேன். நீ இப்போது முட்டிக்குள் குதிகளை எண்ணி வைத்துக்கொண்டிருப்பதாக நினைக்கிறாய். அப்படி அங்கே ஒன்றும் இல்லை. அது டிரம்மில் இருக்கும் அரிசி இல்லை, அள்ள அள்ளக் குறைவதற்கு. சுவரில் நீயே பார்த்தாயே, குதித்துக் குதித்துச் சூடேறின பிறகு விழுந்த தடம்தானே மேலே இருந்தது? உன் கண்ணால் பார்த்ததைவிட என் பேச்சு உனக்குப் பெரிதாகிவிட்டதே. என் வாழ்நாளில் நீ என் பேச்சைக் கேட்காமல் போகவேண்டும் என்று நான் ஜெபம் பண்ணியது நேற்று ராத்திரிதான்.

அதனால் கெஞ்சிக் கேட்கிறேன். நாளைக்குப் போனதும் திண்டைத் தேடி உட்காராதே. மற்ற பிள்ளைகளோடு ஓடு. முட்டியைத் தூக்கு, இறங்கி ஏறு, கையைச் சுழற்று, அப்புறம் குதி. சின்னதாக ஆரம்பித்து முழு உயரம் வரைக்கும் குதி. பயத்தில் பாதிக் குதி குதிக்காதே. இறங்கும்போது முட்டி கால் விரலைப் பார்த்திருக்கட்டும், கண்ணாடி முன்னால் செய்தாயே அது மாதிரி. அதற்குப் பிறகு மைக்கில் கூப்பிடுவார்கள். விருந்தினர் நாளைக்கும் கோரிப்பாளையம் சிக்னலைத் தாண்டிக்கொண்டேதான் இருப்பார், சந்தேகமே வேண்டாம். வரிசையில் நில், ஆனால் சும்மா நிற்காதே. நின்ற இடத்திலேயே காலை மாற்றி மாற்றி வை, குதிகாலைத் தூக்கு, லேசாகத் துள்ளு. நாற்காலி போட்டால் உட்காராதே. கை குலுக்க வரும்போது மட்டும் ஒரு நிமிஷம் அசையாமல் நின்று சிரி. ஒழுக்கம் இல்லை, மரியாதை தெரியவில்லை என்று யாராவது சொன்னால் என்னிடம் அனுப்பு, மிச்சத்தை நான் பேசிக்கொள்கிறேன். அவர் போனதும் இன்னும் நாலு குதிக்கு நேரம் வேண்டும் என்று சாரிடம் கேள். அவர் கூச்சப்பட்டால் நீயே ரெஃபரியிடம் போய்க் கேள். இந்தக் காகிதத்தை டீமில் மற்ற பிள்ளைகளிடமும் கொடு. அவர்கள் வீட்டு அம்மாக்களும் படிக்கட்டும். தாய் எழுதினதை ஊர் படிக்கிறதே என்று வெட்கப்படாதே. போன வருஷம் நாங்கள் எல்லோரும் சேர்ந்துதானே கேலரியில் உட்கார்ந்து கை தட்டினோம்?

இவ்வளவும் செய்தால் ஒன்றும் ஆகாது என்று நான் சத்தியம் செய்யமாட்டேன். அந்தப் பிசியோப் பெண்ணிடம் காலைப் பிடிக்காத குறையாகக் கேட்டேன், "ஒண்ணும் ஆகாதுன்னு ஒரு வார்த்தை சொல்லும்மா" என்று. "ஆகுறதுக்கு வாய்ப்புக் குறையும்னுதான் சொல்ல முடியும்மா" என்றாள். பொய் சொல்லத் தெரியாத பிள்ளை. ஆகவே அந்தக் குறைகிற கொஞ்சத்தையாவது எனக்குக் கொடு. வேறு எதுவும் உன்னிடம் கேட்கவில்லை. வேலை கிடைக்கவேண்டும் என்றுகூடக் கேட்கவில்லை.

கடைசியாக ஒன்று. இன்றைக்கு நீ வெளியே போனதும் பீரோவைத் திறந்தேன். நீ பிளஸ் டூ முடித்த வருஷம் வாங்கினேனே வாடாமல்லி நிறப் பட்டு, உன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டார் முன்னால் கட்டுவதற்கென்று அந்துருண்டை போட்டு வைத்திருந்தேனே, அதை வெளியே எடுத்தேன். நாளைக்குக் கட்டிக்கொண்டு வரலாம், அம்மாவே செலவு பண்ண ஆரம்பித்துவிட்டாள் என்று நீ பார்த்துச் சிரிக்கட்டும் என்று நினைத்தேன். பிரித்தால், மடிப்பு நெடுகக் கிழிந்திருக்கிறது, எஸ்தர். ஒருநாளும் கட்டவில்லை. ஒரு முள் பட்டதில்லை, ஒரு சொட்டுக் குழம்பு சிந்தினதில்லை. மடித்து வைத்த இடத்திலேயே கிழிந்துபோயிருக்கிறது. அதைக் கையில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் சத்தம் கேட்டு உன் அப்பா ஓடிவந்தார். புடவைக்காக அழுகிறேன் என்று நினைத்து, "விடு, வேற வாங்கிக்கலாம்" என்றார்.

நாளைக்கு அதைத்தான் கட்டிக்கொண்டு வாரேன். கிழிசலைக் கொசுவத்துக்குள் வைத்து ஊக்கு குத்திக்கொள்வேன். அந்தச் செம்மண் கேலரியில் அதோடு உட்காருவேன். வாடாமல்லி நிறம் எவ்வளவு தூரத்திலிருந்தும் தெரியும். வரிசையில் நிற்கும்போது அடிக்கடி என் பக்கம் பார். நீ உட்கார்ந்துவிட்டாய் என்றால் நான் எழுந்து நிற்பேன். மறைக்கிறது என்று பின்னால் இருப்பவர்கள் கத்துவார்கள், கத்தட்டும். நீ எழுந்து குதிக்கிற வரைக்கும் நான் உட்காரமாட்டேன்.

உன் பாதத்தை முதலில் அளந்து பார்த்தவள்,
அம்மா